அப்பாவின் உயில் அண்ணன் பீரோவில்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ப் படங்களில் நாம் அடிக்கடி பார்த்த ஒரு காட்சி இருக்கிறது. வீட்டுப் பெரியவர் காலமாகிவிடுவார். கருமகாரியம் முடிந்ததும் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர் வருவார். குடும்பம் முழுவதும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். அரக்கு முத்திரையை உடைத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உயிலை வாசிப்பார். மூத்த மருமகன் முகம் கறுத்துப் போகும். மூலையில் நின்ற வேலைக்காரப் பெண்ணுக்கு வீடு கிடைக்கும்.

பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிக் கூட்டம் கூட்டி வாசிக்கவேண்டும் என்று நம் நாட்டுச் சட்டத்தில் எங்குமே இல்லை. 1959-ஆம் ஆண்டின் உயில் சட்டத்திலும் இல்லை, அதே ஆண்டின் புரோபேட் மற்றும் நிர்வாகச் சட்டத்திலும் இல்லை. அந்த அரக்கு முத்திரை வக்கீலுக்காகக் காத்துக்கொண்டே எத்தனையோ குடும்பங்களில் பத்து வருடம், இருபது வருடம் ஓடிப்போய்விடுகிறது.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்குக் காரணம் ஓர் அக்காவின் கேள்வி. செண்டாயான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பா பால் வெட்டியவர். கடைசிக் காலத்தில் ஈபிஎஃப் பணத்தைப் போட்டு ஒரு தரை வீடு வாங்கினார். அவர் இறந்து நான்கு வருடமாகிறது. "அப்பா உயில் எழுதி வெச்சிட்டாரு, என் பீரோவுல இருக்குன்னு அண்ணன் சொல்றாரு. காட்டுங்கண்ணேன்னு கேட்டா, நேரம் வரும்போது காட்டுறேன்னு சொல்றாரு. அதுல என்ன எழுதியிருக்குன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?" இதுதான் கேள்வி. அண்ணனைத் திட்டவில்லை, வீட்டைப் பிரித்துக் கொடு என்றும் கேட்கவில்லை. அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார், அவ்வளவுதான்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்யவேண்டும். பிள்ளைகளுக்கு விட்டுப்போக தோடு, மூக்குத்தி, ஒரு மாடு, இரண்டு ஆடு. அதற்கெல்லாம் யார் உயில் எழுதுவார்கள்? இன்றைக்குச் செண்டாயான் அப்படியில்லை. ரப்பரும் செம்பனையும் நின்ற இடத்தில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்று ஒரு நகரமே எழுந்திருக்கிறது. சுங்கை பீசியில் இருந்த ஆகாயப் படைத் தளம் இங்கே வந்துவிட்டது. தோட்டத்து அப்பா அன்றைக்குக் குறைந்த விலையில் வாங்கிப் போட்ட வீடு இன்றைக்கு நல்ல விலை போகிறது. சொத்து வந்துவிட்டது, ஆனால் அதைக் காகிதத்தில் ஒழுங்குபடுத்தும் பழக்கம் மட்டும் நமக்கு இன்னும் வரவில்லை.

நான் வழக்கறிஞர் இல்லை. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு மைக் பிடித்தவள். ஆனாலும் இந்த நிகழ்ச்சிக்காக வழக்கறிஞர்களிடமும் நில அலுவலகத்திலும் கேட்டு, சட்டப் புத்தகத்தையும் புரட்டித் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், உயில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். "எழுதி வெச்சிட்டாரு" என்று சொல்வது வேறு, எழுதி வைத்திருப்பது வேறு. நம் நாட்டில் எல்லா உயில்களையும் கட்டாயமாகப் பதிவு செய்யும் ஒரே அரசாங்கப் பதிவேடு கிடையாது. அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் உயில் திரையில் வந்து விழும் என்று நினைக்காதீர்கள். தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். அப்பாவின் தகரப் பெட்டியில், வீட்டு கிராண்ட் வைத்திருக்கும் பையில், வங்கி லாக்கரில் பாருங்கள். வீடு வாங்கியபோது ஒப்பந்தம் எழுதிய சிரம்பான் வக்கீல் ஆபீசில் விசாரியுங்கள். பெரும்பாலும் அதே வக்கீலிடம்தான் உயிலும் எழுதியிருப்பார்கள். அமானா ராயாவிலும், உயில் எழுதிக் கொடுக்கும் தனியார் நிறுவனங்களிலும் உயிலைப் பாதுகாப்பில் வைக்கும் வசதி இருக்கிறது. மரணச் சான்றிதழையும், நீங்கள் அவர் பிள்ளை என்று காட்டும் பிறப்புப் பத்திரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் வாயால் கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது.

சரி, அந்த அக்கா விஷயத்துக்கு வருவோம். உயில் இருக்கிறது, அண்ணன் பீரோவில் இருக்கிறது, அவர்தான் எக்சிகியூட்டர் என்றே வைத்துக்கொள்வோம். எக்சிகியூட்டர் என்றால் உயிலில் சொன்னதை நிறைவேற்றி வைக்கும் பொறுப்பாளர். சொத்துக்கு முதலாளி என்று அர்த்தமில்லை. இந்த வித்தியாசம் பல அண்ணன்மார்களுக்குத் தெரிவதில்லை, சில தம்பிமார்களுக்கும்தான்.

உயிலைப் பீரோவில் வைத்துக்கொண்டு எக்சிகியூட்டரால் ஒரு காரியமும் செய்ய முடியாது. வீட்டின் பெயரை மாற்ற முடியாது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. நில அலுவலகமும் வங்கியும் முதலில் கேட்பது புரோபேட். அதைக் கொடுப்பது உயர் நீதிமன்றம். மனுவோடு அசல் உயிலையும் நீதிமன்றத்தில் ஒப்படைக்கவேண்டும். புரோபேட் கிடைக்கும்போது உயிலின் நகல் அதோடு சேர்ந்தே வரும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பீரோவில் இருக்கும்வரை உயில் குடும்ப ரகசியம். நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் அது நீதிமன்ற ஆவணம். கட்டணம் கட்டிக் கோப்பைத் தேடலாம், பதிவாளரின் அனுமதியோடு நகல் கேட்கலாம். அப்பாவின் பெயரில் யாராவது மனுப் போட்டிருக்கிறார்களா என்றும் தேடிப் பார்க்கலாம். ஒரு வழக்கறிஞர் மூலமாகச் செய்தால் அலைச்சல் குறையும். ஆக, அண்ணனின் பீரோச் சாவிக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. அவர் காட்டாவிட்டால் அவரை நீதிமன்றத்துக்குப் போகவைப்பதுதான் வழி.

போகமாட்டேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். "நீ எக்சிகியூட்டர் பொறுப்பை ஏற்று புரோபேட் எடு, இல்லாவிட்டால் விலகிக்கொள்" என்று அழைப்பாணை அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. உயிலைக் கையில் வைத்திருப்பவரை அதைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லவும் முடியும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவை நாடலாம். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். வழக்கறிஞரின் ஒரே ஒரு கடிதம் வந்ததும் பீரோ திறந்துகொண்ட வீடுகளும் உண்டு.

இதற்கு நேர்மாறான பயமும் சிலருக்கு இருக்கும். அண்ணன் நமக்குத் தெரியாமலே புரோபேட் எடுத்துவிடுவாரோ என்று. அப்படிச் சந்தேகம் இருந்தால் உயர் நீதிமன்றப் பதிவகத்தில் கேவியட் போடலாம். நம்மவர்களுக்குக் கேவியட் என்றால் நில அலுவலகத்தில் கிராண்ட் மேல் போடுவதுதான் தெரியும். இது வேறு. இந்தக் கேவியட் இருக்கும்வரை உங்களுக்கு அறிவிக்காமல் புரோபேட் கொடுக்கமாட்டார்கள். ஆறு மாதம் செல்லுபடியாகும், பிறகு புதுப்பிக்கவேண்டும். கோபத்தில் மட்டும் போடாதீர்கள். காரணமில்லாமல் போட்டால் வழக்குச் செலவு உங்கள் தலையில் விழும்.

உயிலை மறைப்பதும் கிழிப்பதும் வீட்டு விவகாரம் என்று சிலர் நினைக்கிறார்கள். மோசடி நோக்கத்தோடு உயிலை அழிப்பது, சிதைப்பது, ஒளித்து வைப்பது எல்லாம் தண்டனைச் சட்டத்தின் 477-ஆவது பிரிவின்படி சிறைக்குப் போகும் குற்றம். அண்ணனை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் அண்ணனும் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் அல்லவா!

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அசல் உயில் கடைசிவரை அப்பாவின் கையில்தான் இருந்தது, இப்போது காணவில்லை என்றால், அவரே அதை ரத்து செய்துவிட்டார் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று சொல்பவர் ஆதாரம் காட்டவேண்டும். அதனால் எப்போதாவது உயிலைக் கண்ணில் காட்டினால், கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதில் தப்பேயில்லை.

அடுத்து, உயில் கைக்கு வந்ததும் எதைப் பார்ப்பது? எல்லோரும் நேரே "யாருக்கு வீடு" என்ற வரிக்குத்தான் ஓடுவார்கள். நான் சொல்வேன், கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். அங்கேதான் கையெழுத்து இருக்கும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க எழுதியவர் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும், அவர் முன்னிலையில் அந்த இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். அந்தச் சாட்சிகள் யார்? உயிலில் சொத்துப் பெறுகிறவரோ, அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக இருந்தால், உயில் செல்லும். ஆனால் அவருக்குக் கொடுத்த பங்கு செல்லாது. வீடு மூத்த மகனுக்கு என்று எழுதி, பக்கத்தில் நின்ற மருமகளையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னால் அந்த மகனுக்கு எழுதிய வீடு போச்சு! அண்ணி உதவி செய்யத்தான் வந்திருப்பார், பாவம்.

தேதியையும் பாருங்கள். அதற்குப் பிறகு வேறு உயில் எழுதியிருந்தால் கடைசியாக எழுதியதுதான் செல்லும். உயில் எழுதிய பிறகு அவர் மறுமணம் செய்திருந்தால், அந்தத் திருமணத்தை மனத்தில் வைத்தே எழுதியது என்று உயிலில் சொல்லியிருந்தாலொழிய, பழைய உயில் ரத்து. மனைவியை இழந்த பெரியவர்கள் இரண்டாவது திருமணம் செய்துகொள்ளும் வீடுகளில் இது பெரிய திருப்பம்.

தோட்டத்து வீடுகளுக்கென்றே இன்னொரு விஷயம் இருக்கிறது. நம் அப்பா அம்மாக்களில் பலருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், சிலருக்கு அதுவும் எழுதப் படிக்கத் தெரியாது. உயிலோ ஆங்கிலத்தில் இருக்கும், இல்லாவிட்டால் மலாயில். கீழே பெருவிரல் ரேகை. ரேகை வைத்த உயிலும் செல்லும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர் ரேகை வைத்திருந்தால், அதை அவருக்கு வாசித்துக் காட்டினார்களா, அவர் புரிந்துகொண்டுதான் ரேகை வைத்தாரா என்று நீதிமன்றம் கேட்கும். அதற்கு ஆதாரம் தேவை. சாட்சிகள் இருவரும் உயிரோடு இருக்கும்போதே இந்த விவரத்தைக் கேட்டு வைப்பது நல்லது. நான்கு வருடம், ஐந்து வருடம் என்று தள்ளிப்போடும்போது சாட்சிகளுக்கும் வயதாகிறது.

பெரிய வீடுகளிலும் இதே கதைதான். நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 2001 ஜூலை 21-ஆம் தேதி மறைந்தார். 21 ஆண்டுகள் கழித்து, 2022-இல், அவருடைய மகள்கள் இருவரும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்பா எழுதியதாகச் சொல்லப்படும் உயிலைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது, அது போலி என்பது அவர்கள் வாதம். சகோதரர்கள் இருவரும் அதை மறுத்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில், இடைக்காலத் தடை கேட்ட மனுவை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் வரவில்லை, அது நீதிபதிகளின் வேலை. என் கவலை அந்த 21 ஆண்டுகளைப் பற்றித்தான். அப்பா மறைந்த மாதமே எல்லோர் கையிலும் ஒரு நகல் இருந்திருந்தால், சண்டை வந்திருந்தாலும் அன்றே வந்து முடிந்திருக்கும்.

ஜெயலலிதா விஷயம் இன்னொரு பக்கம். 2016 டிசம்பர் 5-ஆம் தேதி மறைந்தபோது ஊரே உயிலைத் தேடியது. உயில் இல்லை. அண்ணன் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும்தான் வாரிசுகள் என்று 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வேதா நிலையத்தைத் தமிழக அரசு கையகப்படுத்தியது செல்லாது என்று தீர்ப்பு வர 2021 நவம்பர் ஆகிவிட்டது. கோடிக்கணக்கான பேரை ஆண்டவர் வீட்டிலேயே அப்படி என்றால், செண்டாயான் பால்வெட்டுத் தொழிலாளி வீட்டைக் குறை சொல்ல முடியுமா?

உயில் இல்லை என்பதே பதிலாக வந்தாலும் பயப்படாதீர்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் இருக்கிறது. இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்து பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பெற்றோரும் உயிரோடு இருந்தால் பெற்றோருக்குக் கால் பங்கு, மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. மகன், மகள், கல்யாணமானவர், ஆகாதவர் என்ற பேதம் இல்லை. "பொம்பளைப் பிள்ளைக்குச் சீர் செஞ்சாச்சு" என்று நம் வீடுகளில் சொல்வதைச் சட்டம் காதில் வாங்காது. நிலமோ வீடோ உள்ள சொத்தாக இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்கு மேல் போகாவிட்டால், புசாக்கா கெச்சில் பிரிவிலேயே மனுப் போடலாம். முன்பு 20 லட்சம் வெள்ளியாக இருந்த வரம்பை 2024 ஜூலை 15 முதல் உயர்த்தியிருக்கிறார்கள். விசாரணைக்கு வாரிசுகள் எல்லோரையும் அழைப்பார்கள். அங்கே போய் "உயில் இருக்கிறது, ஆனால் காட்டமாட்டேன்" என்று யாரும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இருந்தால் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவேண்டும்.

இதில் பலர் எதிர்பாராத ஒன்று உண்டு. பாடுபட்டு உயிலைக் கண்டுபிடித்துப் படித்தால், முக்கியமான சொத்து அதில் வராமலே போகலாம். ஈபிஎஃப் பணம் உயில்படி போகாது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, நாமினியாக யார் பெயரைக் கொடுத்தாரோ அவருக்கே அந்தப் பணம். உயிலில் வேறு பெயர் எழுதினாலும் அந்த நாமினி மாறாது. கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த நாமினியும், கல்யாணமானதும் தானாக ரத்தாகிவிடாது. அதனால் அம்மா பெயரைக் கொடுத்த இளைஞர்கள் கல்யாணத்துக்குப் பிறகு மறுபடியும் பாரம் நிரப்பவேண்டும். ஆயுள் காப்புறுதியில் மனைவியையோ பிள்ளைகளையோ நாமினியாகப் போட்டிருந்தாலும், அந்தப் பணம் உயிலுக்குள் வராது.

பணக்காரர்கள் வீட்டிலும் உயிலில் பாதிதான் இருக்கும். ஆனந்த கிருஷ்ணன் 2024 நவம்பரில் மறைந்தபோது, அவர் உயிலில் என்ன இருக்கும் என்று காப்பிக் கடைகளில் பேசாதவர் இல்லை. ஆனால் அந்த நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட பங்குகள் அறக்கட்டளை ஏற்பாட்டின் கீழ் வைக்கப்பட்டவை. அறக்கட்டளையில் இருப்பது உயிலில் வராது.

நம் பெரியவர்கள் பெட்டியில் இன்னொரு காகிதமும் கிடக்கலாம். துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்ந்தவர்கள் அவர்கள். தாத்தா உறுப்பினராக இருந்தாரா, யாரை நாமினியாகப் போட்டார் என்று சங்கத்திடமே கேட்கவேண்டும். வங்கிக் கணக்கு ஏழு வருடம் அசையாமல் கிடந்தால், பணம் உரிமை கோரப்படாத பணமாக அரசாங்கத்திடம் போய்விடும். அழிந்துவிடாது, ஆவணங்களோடு மனுச் செய்து திரும்பப் பெறலாம்.

உயிலைப் படித்தாயிற்று, உங்கள் பெயரே இல்லை. அப்போது? 1971-ஆம் ஆண்டின் குடும்பப் பராமரிப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. கணவன் அல்லது மனைவி, கல்யாணமாகாத மகள், வயது வராத மகன், உடல் அல்லது மனக் குறையால் தன்னைத்தானே பராமரிக்க முடியாத பிள்ளை, இவர்கள் நீதிமன்றத்தில் பராமரிப்புக் கேட்கலாம். புரோபேட் கொடுத்த ஆறு மாதத்துக்குள் கேட்கவேண்டும். கல்யாணமான மகளுக்கு இதில் இடமில்லை. அந்த அக்காவுக்கு நான் இதை மறைக்க விரும்பவில்லை. வீட்டை முழுவதும் அண்ணனுக்கே எழுதும் உரிமை அப்பாவுக்கு இருந்தது. முறையாக எழுதியிருந்தால் அது செல்லும். அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்றாலும், அதை அப்பாவின் வாக்கிலேயே படித்துத் தெரிந்துகொள்ளும் உரிமை மகளுக்கு இல்லையா?

கடைசியாக, ஊரில் நிலம் உள்ளவர்களுக்கு ஒரு சேதி. தாத்தா தமிழ்நாட்டில் காணி வைத்திருந்து, அங்கே உயிலைப் பதிவும் செய்திருந்தால் உங்கள் வேலை சுலபம். இந்தியப் பதிவுச் சட்டம் 1908-இன்படி, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை பதிவான உயிலின் நகலை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் கொடுப்பார்கள். அவர் இறந்த பிறகு யார் விண்ணப்பித்தாலும் கொடுப்பார்கள். மரணச் சான்றிதழோடு பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் போதும். ஊர்ப் பெயரும், முடிந்தால் பதிவான வருடமும் தெரிந்திருக்கவேண்டும். வீட்டில் இன்னும் பேசக்கூடிய நிலையில் இருக்கும் பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ அந்த இரண்டையும் இந்த வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.